வளைவுக்கு ஒரு ‘ஒண்ணுமில்ல’

எங்கள் தோட்டத்தில் யாரும் சும்மா ஓடமாட்டார்கள். குளவி கலைந்தால் ஓடுவார்கள். வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் ஒரு குழந்தைக்கு இழுப்பு வந்தால் ஓடுவார்கள். அவிசாவளை பஸ் ஹோர்ன் அடித்தால் ஓடுவார்கள், அதுவும் பாதித் தூரம்தான். மீதித் தூரத்துக்கு “ஓய், ஓய்” என்று கத்தியே பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? இதே தோட்டத்தில் பிறந்து, இங்கேயே வளர்ந்து, இங்கேயே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். இருந்தும் நாற்பத்தொரு வயதில் ஒருநாள் விடிகாலையில் புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ரப்பர் மலைக்குள் ஓட ஆரம்பித்தேனே, என் புத்தியை என்னவென்று சொல்ல.

காரணம் சீனி. கரவனெல்ல ஆஸ்பத்திரி கிளினிக்கில் டொக்டர் என் ரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்துவிட்டு, வியாதி வாசலில் வந்து நிற்கிறது, உள்ளே விடாமல் இருக்க வேண்டுமென்றால் தினமும் முக்கால் மணி நேரம் நட என்றார். நடந்து பார்த்தேன். நடக்கிற ஆளை எல்லாரும் நிறுத்திப் பேசுவார்கள். அதிலும் டீச்சர் என்றால் கேட்கவே வேண்டாம். ஒருத்தருக்குப் பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை, இன்னொருத்தருக்கு சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்ல வேண்டும், மூன்றாவது ஆளுக்கு மருமகள்மேல் குறை. முக்கால் மணி நேரத்தில் நான் நடந்தது இருநூறு அடி, மிச்சமெல்லாம் பேச்சு. ஓடினால் யாரும் நிறுத்தமாட்டார்கள் என்று நினைத்தேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி.

தெஹியோவிட்ட டவுனில் சப்பாத்துக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் போய், ஓடுகிற சப்பாத்து வேண்டும் என்றேன்.

“பிள்ளைக்கா டீச்சர்?”

“எனக்குத்தான் நானா. ஓடப் போறேன்.”

“யாரு தொரத்துறாங்க?”

சிரிக்காமல்தான் கேட்டார். நான் விளக்கியதும், இருங்க இருங்க என்று ஃபோனை எடுத்து, எங்கோ வெளிநாட்டில் இருக்கும் தன் மச்சான் மகன் அனுப்பிய வீடியோவைக் காட்டினார். கீழே ஓர் ஆறு. ஆற்றிலிருந்து மேலே வரைக்கும் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி. நடுவில் செம்மண் பாதையில் நூற்றுக்கணக்கான ஆட்கள் வண்ண வண்ண பெனியனோடு ஓடுகிறார்கள். கிழவர்கள், கிழவிகள், வண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிற தாய்மார். வழியில் மேசை போட்டுக் குடிக்கக் கொடுக்கிறார்கள். அந்த வீடியோ என் மனதில் ஒட்டிக்கொண்டது. அதுவும் தோட்டம், இதுவும் தோட்டம். அங்கேயும் மலை, இங்கேயும் மலை. ஆறுகூட இருக்கிறது. அவர்கள் ஓடலாம், நான் ஓடக்கூடாதா? அந்த வீறாப்பில்தான் சப்பாத்தை வாங்கினேன்.

என் வழி இதுதான். தோட்டத்து ஆட்களின் வீடுகள் வரிசையாக இருக்கும் மேல் லயத்துக்குப் பின்னால் உள்ள என் வீட்டிலிருந்து தோட்டத்து ரோடு ரப்பர் மரங்களுக்குள் மூன்று வளைவாக இறங்கி ஆற்றுக்குப் போகும். ஆற்றின் குறுக்கே தொங்கு பாலம். அதைக் கடந்தால் பெரிய ரோடு. ஆற்றை ஒட்டியே அந்த ரோட்டில் ஓடி, வாகனம் போகும் பெரிய பாலத்தில் மறுபடி இந்தப் பக்கம் வந்து, தோட்டத்து ஃபேக்டரி ரோட்டால் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம். இறங்குவது ஒரு வழி, ஏறுவது வேறு வழி. முழுச் சுற்று ஐந்து கிலோமீட்டர் என்று ஃபோன் சொல்கிறது, ஆற்றுப் பள்ளத்தில் அதற்கு சிக்னல் இல்லாத நேரம் போக.

முதல் நாள் முதல் வளைவைத் தாண்டும்போது மரங்களுக்குள் நெற்றி லைட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக அசைந்தன. பால் வெட்டுகிற ஆட்கள். விடியும் நேரத்தில் வெட்டினால்தான் ரப்பர் பால் நன்றாக இறங்கும் என்பதால் அப்போதே மலைக்கு வந்துவிடுவார்கள். நான் அவர்களைப் பார்த்துச் சிரித்துக் கையைக்கூட ஆட்டினேன். அந்த மங்கல் வெளிச்சத்தில் என் சிரிப்பு யாருக்குத் தெரியும்? டீச்சர் ஓடுவதுதான் தெரிந்தது.

பின்னால் தடதடவென்று சத்தம். திரும்பினால் ஆறு பேர் ஓடி வருகிறார்கள். நெற்றி லைட்டெல்லாம் மேலும் கீழும் குதிக்கிறது. ஒருத்தர் கையில் பால் வாளி, இன்னொருத்தர் கையில் கத்தி. சத்தியமாகச் சொல்கிறேன், கத்தியோடு ஆள் வருவதைக் கண்டதும் நான் வேகத்தைக் கூட்டினேன். நான் கூட்டியதைக் கண்டு அவர்களும் கூட்டினார்கள்.

“டீச்சர்! யாருக்கு என்னா டீச்சர்? நில்லுங்க டீச்சர்!”

இரண்டாவது வளைவில் நின்றேன். ஆறு பேரும் என்னைச் சுற்றி நின்று மூச்சு வாங்கினார்கள்.

“ஒண்ணுமில்ல. சும்மாதான் ஓடுறேன்.”

“சும்மாவா?”

“சீனிக்காக.”

“சீனி வாங்கவா? கட இன்னும் தொறந்திருக்காதே டீச்சர்!”

விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு ஓடினதைவிட அதிகமாக வியர்த்துவிட்டது. அடக்கடவுளே என்று எல்லாரும் சிரித்தார்கள். ஒரு ஆளைத் தவிர. கீழ் லயத்து அக்கா, என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், ரோட்டோரத்தில் குந்திவிட்டார். கையில் கத்தி இல்லை. ஓடிவரும்போது எங்கேயோ போட்டுவிட்டிருந்தார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் “ஸொரி அக்கா” என்று சொல்லிவிட்டு, வெட்கத்தில் மறுபடி ஓடிவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்கு நான் போவதற்கு முன்பே கதை போய்விட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து நின்று, “டீச்சர், நீங்க பன்னி தொரத்தி ஓடுனீங்களாமே?” என்று கேட்டது. உட்காரு என்றேன்.

அன்று பின்னேரம் அந்த அக்கா வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“டீச்சர், நீங்க அந்த வழியா ஓடாதீங்க.”

எனக்குச் சுள்ளென்று வந்தது. பகல் முழுக்கக் கேலி கேட்ட கோபம் வேறு. “ரோடு எல்லாருக்கும் பொதுவானதுதானே அக்கா. என் ஒடம்புக்கு நான் ஓடுறேன். நீங்க எதுக்குப் பொறகால வர்றீங்க?” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் என்னை அடக்கியது. தன் புருஷன் போன கதையைச் சொன்னார். எனக்குத் தெரிந்த கதைதான், தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். குருவிட்டப் பக்கம் மாணிக்கக் குழி வேலைக்குப் போயிருந்த மனிதர், குழி இடிந்து உள்ளேயே போய்விட்டார். மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆனால் எனக்குத் தெரியாத ஒரு துண்டு அதில் இருந்தது. செய்தி சொல்ல ஓடிவந்தவன் அந்த இரண்டாவது வளைவில்தான் இவரைப் பிடித்தானாம்.

“வந்து நின்னான் டீச்சர். மூச்சு வாங்குது, பேச்சு வரல. யாருக்கு என்னான்னு கேக்குறேன், வாயத் தொறந்து தொறந்து மூடுறான். அவன் சொல்றதுக்குள்ள நான் எல்லாரையும் ஒருதரம் சாகடிச்சிட்டேன். மொதல்ல எங்கம்மாவ நெனச்சேன். அப்புறம் எம் புள்ளைய. கடசியாதான் அவரு. எம் புள்ள இல்லன்னு தெரிஞ்சதும் ஒரு நிமிசம் சந்தோசப்பட்டேன் டீச்சர். அவரு போயிட்டாரு, நான் சந்தோசப்பட்டேன்.”

காலையில் நான் ஆட்டிய கையை நினைத்து என்மேலேயே எரிச்சலாக வந்தது. ஓடமாட்டேன் அக்கா, வேறு வழி பார்க்கிறேன் என்றேன். வேறு வழி ஒன்று இருக்கிறதா என்ன? விடியாத நேரத்தில் ஃபேக்டரி ரோடு முழுக்க லொறிதான். அவருக்கும் அது தெரியும். அவரே சொன்னார்.

“இல்ல, ஓடுங்க. ஒங்களுக்கும் சொகம் வேணுமே. ஆனா சொல்லிக்கிட்டே ஓடுங்க டீச்சர். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு சொல்லிக்கிட்டே ஓடுங்க. அது போதும்.”

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. மறுநாள் முதல் வளைவில் தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு, “ஒண்ணுமில்லே!” என்று கத்தினேன். மரத்துக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இரண்டாவது வளைவிலும் கத்தினேன். “சரி டீச்சர், போங்க!” என்று அக்காவின் குரல் வந்தது. ஒரு வாரத்தில் எல்லாருக்கும் அது விளையாட்டாகிவிட்டது. நான் “ஒண்ணுமில்லே!” என்றால் மலை முழுக்க “ஒண்ணுமில்லே!” என்று திரும்பக் கத்தும். சிங்கள மாமா ஒருவர் அங்கே பால் வெட்டுகிறார், தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனாலும் வேண்டுமென்றே “முகுத் நே டீச்சர்!” என்று அதே ஒண்ணுமில்லையைச் சிங்களத்தில்தான் திருப்பிக் கொடுப்பார். மழை நாளில் வெட்டு இருக்காது. ஆள் இல்லாத அந்த மலைக்குள் கத்துவதற்கு எனக்கே ஒரு மாதிரியாக இருக்கும், ஆனாலும் கத்துவேன். வாய்க்குப் பழகிவிட்டது.

ஓகஸ்ட் லீவில் குருவிட்டவில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். சப்பாத்தையும் கொண்டு போனேன். அங்கே ஆற்றை ஒட்டி வயல், வயலுக்கு நடுவே ஓலைக் கூரை போட்ட மாணிக்கக் குழிகள். தண்ணீர் இறைக்கிற மோட்டர் விடியும்போதே உறுமத் தொடங்கிவிடும். வரப்பில் நான் ஓடிவருவதைக் கண்டதும் ஒரு குழியின் மேலே நின்ற நாலு பேர் சட்டென்று மோட்டரை நிறுத்தினார்கள். ஒருத்தர் குழிக்குள் குனிந்து ஒவ்வொருத்தராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளேயிருந்து மூன்று பேர் பதில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பி “மொகத நோனா?”, என்ன விஷயம் என்று கேட்டார். எனக்குச் சிங்களத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை. “முகுத் நே, முகுத் நே” என்று சொல்லிக்கொண்டே கடந்தேன். அன்றைக்கு அக்காவை நினைத்து எனக்கு அழுகை வந்தது. மிச்ச லீவு முழுக்க அந்த வரப்பில் நடந்தே போனேன்.

இனி மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு ஒரே மகள், என்னிடம் படித்தவள். கணக்கு வராது, வாய் நன்றாக வரும். இப்போது இருபத்தொரு வயது. அவிசாவளைப் பக்கம் காமெண்டில், உடுப்புத் தைக்கிற ஃபேக்டரியில் வேலை. காமெண்ட் பஸ் விடியற்காலையில் பெரிய ரோட்டுக்கு வரும் என்பதால், எனக்குக் கொஞ்சம் முன்னால் அவள் இறங்கித் தொங்கு பாலத்தைக் கடப்பாள். பல நாள் பாலத்தில் அவளைப் பிடித்துவிடுவேன். “டீச்சர், ரேஸ்!” என்று கையில் செருப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு இருபது அடி கூடவே ஓடுவாள். பாலம் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஆடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள்தான் என் ஃபோனைப் பிடுங்கி, அந்தத் திராட்சைத் தோட்ட வீடியோவை அம்மாவுக்குக் காட்டினாள். நானாவிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அக்கா முகத்தை ஃபோனுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“ஆத்தாடி, இத்தன பேரு ஓடுறாங்களே. எங்க தீப்பிடிச்சிச்சு?”

“தீயெல்லாம் இல்லம்மா, சும்மா ஓடுறாங்க.”

“அப்ப பழம் பறிக்கிறவங்க எங்க? ஒருத்தரையும் காணோமே. இவங்க ஓடுறத பாத்து அவங்க பயப்படமாட்டாங்களா?”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன்.

அது நடந்தது ஒரு திங்கட்கிழமை. முந்தின ராத்திரி எங்கள் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை. மரம் காய்ந்திருந்தது, வெட்டு நடந்தது. ஆனால் மேலே மலைப் பக்கம் கொட்டியிருக்க வேண்டும், வளைவில் இறங்கும்போதே ஆற்றின் இரைச்சல் வேறு மாதிரிக் கேட்டது. மூன்று வளைவிலும் வழக்கம்போலக் கத்தினேன், வழக்கம்போலப் பதில் வந்தது. பாலத்துக்கு வந்தபோது நடுவில் யாரோ குந்தியிருப்பது போலத் தெரிந்தது. கிட்டப் போனால் அவள்தான்.

குந்தியிருக்கவில்லை. இரண்டு பலகை உடைந்து வலது கால் தொடைவரை கீழே போயிருந்தது. கையிரண்டாலும் பக்கக் கம்பியைப் பிடித்திருந்தாள். கீழே கலங்கல் தண்ணீர் அவள் பாதத்துக்கு ஒரு முழம் கீழே ஓடியது. முகம் வெளுத்துப்போயிருந்தது.

“டீச்சர்,” என்றாள். “கால் ஒடஞ்சிருச்சி போல.”

அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தேன். அவள் போட்ட கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. கால் பலகைக்கும் கம்பிக்கும் நடுவே திருகிக்கொண்டு கிடந்தது, நான் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. காமெண்ட் பஸ் போயிருந்தது. அந்தக் கரையில் ஒரு ஆள் இல்லை. ஃபோனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. இரண்டு கரைக்கும் கத்திப் பார்த்தேன், ஆற்று இரைச்சல் என் சத்தத்தை விழுங்கிவிட்டது. அவளுடைய ஷோலால் இடுப்பைச் சுற்றிப் பக்கக் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். முடிச்சு நழுவி நழுவி, மூன்று முறை கட்டினேன்.

“ஆள் கூட்டிட்டு வாறேன். கைய விட்டுறாத.”

“டீச்சர், அம்மாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. அம்மா தாங்காது. வேற யாரையாச்சும் கூப்புடுங்க.”

சரி என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

அந்த வழியாக நான் அதுவரை ஏறி ஓடியதே இல்லை. இறங்கும்போது எவ்வளவு சுகமான ரோடு, ஏறும்போது அப்படி ஒரு செங்குத்து. நெஞ்சு வெடிக்கும் போல இருந்தது. கீழ் வளைவுக்கு வந்ததும் மரத்துக்குள் லைட்டுகள் தெரிந்தன. ஓடியாங்க என்று கத்த வாயைத் திறந்தேன்.

“ஒண்ணுமில்லே!”

அதுதான் வந்தது. ஆறு மாதமாக அந்த வளைவில், அந்த மூச்சில், என் வாய் வேறு எதையும் சொன்னதில்லை. மரத்துக்குள்ளிருந்து மூன்று நாலு குரல் சேர்ந்து, “ஒண்ணுமில்லே!” என்றது. கடைசியாகச் சிங்கள மாமா இழுத்து, “முகுத் நே டீச்சர்!” என்றார்.

என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். பாவி, பாவி, இதற்கா இத்தனை நாள் கத்தினாய். மறுபடி கத்தப் பார்த்தால் காற்றுத்தான் வந்தது, சத்தம் இல்லை. மரத்துக்குள் இறங்கி ஆளைத் தேடுவதா, மேலே போவதா? நின்றால் விழுந்துவிடுவேன் என்று தெரிந்தது. மேலே ஓடினேன். இரண்டாவது வளைவில் யார் வெட்டுவார் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவர் மரத்துக்குள் இல்லை. ரோட்டு நடுவில் வந்து நின்றிருந்தார், கையில் கத்தியோடு. நெற்றி லைட்டின் வெளிச்சம் நேரே என் முகத்தில் விழுந்தது.

“கீழ இருந்து மறுபடி சத்தம் வந்திச்சு,” என்றார். “நீங்க எப்பவும் மேல இருந்துதானே வருவீங்க.”

நான் அவர் முன்னால் நின்றேன். வாயைத் திறந்தேன். பேச்சு வரவில்லை. திறந்தேன், மூடினேன். அதே வளைவு. அன்று செய்தி சொல்ல வந்தவன் நின்ற அதே இடத்தில் நான் நிற்கிறேன், அவன் செய்ததையே செய்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் யாருக்கு என்னா என்று கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். அவர் யாரையெல்லாம் நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். இந்த முறை நினைக்க ஒரே ஒரு ஆள்தான் அவருக்கு மிச்சம். மகளுக்குக் கொடுத்த வாக்காவது மண்ணாவது. இரண்டு முழங்காலிலும் கையை ஊன்றி, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி, முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொன்னேன்.

“உசுரு இருக்கு. பாலத்துல. கால்தான்.”

அவர் கையை வாயில் குவித்து ஒரு கூவு போட்டார். அப்படி ஒரு கூவை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மேலே, கீழே, எல்லா மரத்திலும் லைட்டுகள் அப்படியே நின்றன. பிறகு ரோட்டுப் பக்கம் திரும்பின. அதற்குள் அவர் ஓடத் தொடங்கிவிட்டார்.

சப்பாத்து போட்டவள் நான். வெறுங்காலோடு ஓடியவர் அவர். என்னால் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஆனால் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை, என்னைப்போலக் கத்தி அல்ல, தொட்டில் பிள்ளையைத் தட்டுகிற குரலில் சொல்லிக்கொண்டே ஓடினார்.

“ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்லடி... ஒண்ணுமில்ல...”

பத்துப் பேருக்கு மேல் பாலத்துக்கு வந்துவிட்டார்கள். எல்லாரும் ஏறினால் பாலம் தாங்காது என்று சிங்கள மாமா அக்காவோடு மூன்று பேரை மட்டும் விட்டார். ஒருத்தர் பலகையில் குப்புறப் படுத்து, கீழே கையை விட்டுக் காலைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் கம்பால் நெம்பிப் பலகையைக் கழற்றினார்கள். தலைமாட்டில் அக்கா. மகளின் தலையை மடியில் வைத்து, காதுக்குள் அந்த ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் கொட்டக் கொட்ட, மகளும் அதையே சொன்னாள்.

“ஒண்ணுமில்லம்மா. எனக்கு ஒண்ணுமில்ல.”

நான் கரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். வெட்கம் எல்லாம் போய்விட்டது.

அந்தக் கரையில் ஒரு த்ரீவீல் நின்றது. ஓட்டிவந்த சிங்களப் பையன், அனே பௌ, அனே பௌ, ஐயோ பாவம் என்று சொல்லிக்கொண்டே பின்சீட்டில் பாய் விரித்தான். கரவனெல்ல ஆஸ்பத்திரியில் காலில் இரண்டு இடத்தில் முறிவு என்றார்கள். ஒப்பரேஷன் நடந்தது. மூன்று மாதம் கால் ஊன்றக்கூடாது, ஆனால் நடப்பாள் என்று சொன்னார்கள். பாலத்துக்குப் புதுப் பலகையும் போட்டார்கள்.

நான் ஓட்டத்தை விட்டுவிட்டேன். சப்பாத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, சீனி ஏறினால் ஏறட்டும் என்று இருந்தேன். இரண்டு வாரம் போன பிறகு ஒரு பின்னேரம் அக்கா வந்தார். இந்த முறை சொல்லாமலே உட்கார்ந்தார்.

“ஏன் டீச்சர் ஓடல?”

அவருக்குச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். “என் வாயால ஒண்ணுமில்லன்னு கத்திட்டேன் அக்கா. அங்க புள்ள தொங்கிட்டு கெடக்குது, நான் ஒண்ணுமில்லன்னு கத்துறேன். அவங்களும் சிரிச்சிட்டு இருந்துட்டாங்க. நீங்க ரோட்டுக்கு வராட்டி என்னா ஆயிருக்கும்?”

“அதான் வந்தேனே.”

“இனி அத எப்படி நான் சொல்லுவேன்?”

அவர் தன் கையைப் பார்த்தார். பால் கறை ஏறிக் கறுத்த விரல்கள்.

“ரெண்டு வாரமா காலையில மலைல நிக்குறேன்,” என்றார். “மொத வளைவுல சத்தம் இல்ல. புள்ள வீட்டுலதான் படுத்திருக்கா, எனக்குத் தெரியும். ஆனாலும் வெட்ட முடியல. காத குடுத்துக்கிட்டே நிக்குறேன். நீங்க சொல்லாட்டி எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்?”

மறுநாள் ஓடினேன். முதல் வளைவு வந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு கத்தினேன். மரத்துக்குள் வழக்கமான குரல்கள் வந்தன, கடைசியில் மாமாவின் முகுத் நேயும் வந்தது. இரண்டாவது வளைவில் கத்தினேன்.

பதில் இல்லை.

நின்றேன். உள்ளே அக்காவின் லைட் தெரிந்தது. அசையவில்லை. கத்தி மரத்தில் உரசும் சத்தமும் இல்லை. யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“அக்கா?” என்றேன். “என்னாக்கா?”

“ஒண்ணுமில்ல டீச்சர்,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஒண்ணுமில்ல. நீங்க போங்க.”